வீரம்மா வீட்டு இரண்டரை அடி அமைதி

ராகலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், ஐந்தாம் லயத்து வீட்டு வரிசையில், வீரம்மாவின் காம்பராவுக்கு, மாசி மாதத்து மூன்றாவது செவ்வாய்க்கிழமை பின்னேரம் இரண்டரை அடி அமைதி வந்து சேர்ந்தது. நீளம் இரண்டரை, அகலம் இரண்டரை. அலுமாரிக்கும் சாமிப்படத்துக்கும் நடுவில், தரையிலிருந்து கூரைத் தகரம் வரைக்கும். முதலில் கண்டுபிடித்தது சேவல்தான். அரிசி பொறுக்க உள்ளே வந்தது, அந்த மூலையில் நின்று கழுத்தை நீட்டிக் கூவியது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. இன்னொரு தரமும் முயன்று பார்த்துவிட்டு, மானம் போன முகத்தோடு வெளியே போய்விட்டது. வீரம்மா ஓர் அலுமினியச் சட்டியைக் கொண்டுவந்து அந்த இடத்தில் போட்டுப் பார்த்தாள். சட்டி விழுந்தது, உருண்டது, ஒரு சின்னச் சத்தமும் இல்லை. "வந்துருச்சு," என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அவள் திடுக்கிடாததற்குக் காரணம் உண்டு. நாலாம் ஆண்டுக்குப் படிப்பிக்கிற உமாசுதன் சேர் யாழ்ப்பாணத்துக்காரர். தங்கமான மனுஷன், ஆனால் எதற்கெடுத்தாலும் தாள் அச்சடிக்கிற வியாதி பிடித்தவர். அந்தப் பள்ளிக்கூடத் தவணை தொடங்கியதும் 'வீட்டுப்பாடம்: பெற்றோரிடம் எதிர்பார்ப்பவை' என்று ஒரு தாளைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பினார். தினமும் அரை மணி நேரம் வீட்டுப்பாடம் செய்யவேண்டும். அந்த நேரம் தொலைக்காட்சி ஓடக்கூடாது. பெற்றோரில் ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும். பிள்ளைக்கென்று அமைதியான ஓர் இடம் வேண்டும். இதெல்லாம் ஒழுங்காக நடக்கிற வீட்டுப் பிள்ளைகளைத்தான் அடுத்த வருடம், ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் சோதனைக்குத் தான் நடத்துகிற மாலை வகுப்பில் சேர்ப்பாராம். மாத முடிவில் வீடு வீடாக வந்து பார்ப்பாராம்.

பள்ளிக்கூடத்துத் தாள் என்றால் லயத்து ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார்கள். வீரம்மா அப்படியில்லை. மகள் சுலக்ஷனாவை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். ஆறு பேர் படுத்தெழும்புகிற ஒற்றைக் காம்பரா அது. சுவர் கூரைவரை போகாது. இந்தப் பக்கம் வேலாயி வீட்டு டி.வி. நாடகம், அந்தப் பக்கம் மூக்கன் தாத்தாவின் இருமல், நடுவில் இவள் வீட்டுச் சின்னதுகள் இரண்டும் போடுகிற கூத்து.

"அமைதியான எடம் இல்லைன்னு எழுதிக் குடுத்துருவோமா?" என்று கேட்டாள்.

"எழுதினா என்னைய வகுப்புல எடுக்க மாட்டாங்கம்மா," என்றாள் சுலக்ஷனா.

வீரம்மா படித்தது இரண்டாம் ஆண்டு வரைக்கும்தான். அந்த மாலை வகுப்புக்குப் போகாத பிள்ளை ஐந்தாம் ஆண்டுச் சோதனையில் என்ன செய்யும் என்பதும், அதற்குப் பிறகு எந்த மலையில் கூடை சுமக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். கையெழுத்தைப் போட்டுவிட்டாள். பொய்க்குக் கையெழுத்துப் போட்டோமே என்று ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. எட்டாம் நாள் அமைதி வந்தது. அவள் வயிறும் சரியானது.

லயத்தில் எதை மறைக்க முடியும்? மறுநாளே வாசலில் குடங்கள் வந்துவிட்டன. பீலியில் தண்ணீர் பிடிப்பதற்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போகிற பழக்கம் அந்த ஆட்களுக்கு. அமைதிக்கும் அப்படியே குடம் வைத்தார்கள். வேலாயி மாமியாரின் வாயிலிருந்து தப்பி வந்து கால் மணி நேரம் உட்கார்ந்தாள். மூக்கன் தாத்தா உள்ளே நின்று ஆசை தீர இருமிவிட்டுப் போனார். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் சம்பளப் பேச்சுவார்த்தைக்கான பேச்சை அதற்குள் நின்று பேசிப் பார்த்தார். யாரும் குறுக்கே பேசவில்லை என்று பரம திருப்தி. லயம் தோட்டத்துக்குச் சொந்தம், ஆகவே அமைதியும் தோட்டத்துக்குத்தான் சொந்தம் என்று தோட்டத்தை நிர்வகிக்கிற தொரை கடிதம் அனுப்பினார். தொழிலாளி போட்ட கையெழுத்துக்கு வந்தது தொழிலாளிக்கே என்று தலைவர் பதில் அனுப்பினார். அந்தக் கடிதங்கள் இன்னமும் ஆபீசில் ஒரு கோப்புக்குள் இருக்கின்றன.

வீரம்மா யாரையும் தடுக்கவில்லை. ஆனால் பின்னேரம் ஆறு மணியிலிருந்து ஏழு மணி வரை வாசலில் ஒரு தேயிலைக் கம்போடு நிற்பாள். "புள்ள படிக்குது," என்பாள். அந்த ஒரு மணி நேரம் தொரையே வந்தாலும் உள்ளே போக முடியாது.

மாத முடிவில் சேர் வந்தார். மூலைக்குள் கையை விட்டுச் சொடுக்கிப் பார்த்தார், தலையாட்டினார், தாளில் சரி போட்டார். பிறகு சுலக்ஷனாவின் வீட்டுப்பாடக் கொப்பியைத் திறந்தார். பதினொரு நாள் பக்கங்கள் வெள்ளையாக இருந்தன. தேதி மட்டும் அழகாகக் கோடிட்டு எழுதியிருந்தது. வீரம்மா மகளைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

"என்னடி இது?"

"அதுக்குள்ள போனா ஒண்ணுமே வர மாட்டேங்குதும்மா," என்றாள் சுலக்ஷனா, அழுகையோடு. "நான் இருக்கேனான்னே தெரியல. ஒம்பது பெருக்கல் கூட மறந்துபோவுது."

"அத ஏன் சொல்லல?"

"நீங்க கம்பு வச்சுக்கிட்டு நின்னீங்க."

சேர் பேனாவை எடுத்தார். பன்னிரண்டு கணக்கைக் கொப்பியில் எழுதிக் கொடுத்து, எங்கே வேண்டுமானாலும் இருந்து செய் என்றார். அவள் வாசல் இஸ்தோப்புத் திண்ணைக்குப் போய், தம்பி ஒரு தோளிலும் தங்கை ஒரு தோளிலும் தொங்க, குடத்துக்காரர்கள் சண்டை பிடித்துக்கொண்டிருந்த நடுவில் உட்கார்ந்தாள். வேலாயி வீட்டு நாடகத்தில் யாரோ யாரையோ வீட்டைவிட்டுத் துரத்தினார்கள். மூக்கன் தாத்தா இருமினார். சுலக்ஷனா பன்னிரண்டையும் முடித்தாள், பன்னிரண்டும் சரி.

திருத்தித் தரச் சேரைத் தேடினால் அவர் மூலைக்குள் இருந்தார். பிள்ளை எழுதி முடிக்கும்வரை சும்மா இருந்து பார்ப்போம் என்று போனவர், முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தார். நாலு வருடமாக அவர் சத்தம் ஓயாத பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஓர் அறையில் குடியிருக்கிறார். கண் சிவந்திருந்தது.

"பிள்ளையளுக்குத்தான் இது வேணும் எண்டு நினைச்சுப் போட்டன், அக்கா," என்றார். தாளில் அமைதியான இடம் என்ற வரியைப் பேனாவால் வெட்டிவிட்டு, சுலக்ஷனாவின் பெயரை மாலை வகுப்பு இடாப்பில் எழுதினார். "நீங்கள் ஒருக்கா இதுக்குள்ள இருந்து பாத்தனீங்களே?"

வீரம்மா இருந்து பார்த்ததில்லை. காவல் காத்ததோடு சரி.

சேர் போன பிறகு கம்பைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். பிறந்ததிலிருந்து அவளை யாராவது கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். விடியப் பெரட்டில் பேர் வாசிக்கும்போது கங்காணி கூப்பிடுவார், மலையில் பக்கத்து நிரையில் கொழுந்து பறிக்கிறவள் கூப்பிடுவாள், வீட்டுக்கு வந்தால் புருஷன், பிள்ளைகள், கொழுந்தன். முப்பத்தாறு வருடத்தில் முதல் தடவையாக ஒருவரும் கூப்பிடவில்லை. அழுதாள். அழுவதும் வெளியே கேட்காதாகையால், நன்றாகவே அழுதாள்.

இப்போது சுலக்ஷனா ஐந்தாம் ஆண்டு. மாலை வகுப்பு முடிந்து வந்து, மூலைக்கு வெளியே, சத்தத்தின் பக்கமாகக் கொப்பியை விரித்துக்கொள்வாள். அம்மா பக்கத்தில், அமைதிக்குள். கையெழுத்து வேண்டுமென்றால் சேலையைப் பிடித்து இழுப்பாள். சனிக்கிழமைகளில் வரிசையில் சேரின் நீலக் குடமும் நிற்கும். ஆறு மணிக்கெல்லாம் புருஷன் சோலைமலை, "வீரம்மா, தேத்தண்ணி," என்று தன் வழக்கப்படி மூன்று தரம் கூப்பிடுவான். பிறகு எழுந்துபோய், கேத்தலைத் தானே அடுப்பில் வைப்பான். ஆரம்பத்தில் சீனியை அள்ளிக் கொட்டினான். இப்போது பரவாயில்லை என்கிறாள் வீரம்மா.