நாற்பத்தோராம் கட்டு

நகராட்சி ஆவண அறையின் நாற்பத்தோராம் கட்டில், வாசிக்க வருபவர் எதை நம்பி வந்தாரோ அதைச் சொல்லும் எழுத்துகள் மட்டுமே தெரியும். மற்றவை வெறும் தாளாகிவிடும். பஞ்சாலைத் தீ விபத்தைப் பற்றிய கட்டு அது. பெரிய மனிதர்கள்தான் வரலாற்றை நடத்துகிறார்கள் என்று நம்பிய பேராசிரியர் பிரித்தபோது முதலாளியின் கடிதங்கள் மட்டும் இருந்தன. அவர் நூல் எழுதினார், முதலாளிக்குச் சிலை வந்தது. பதினோரு ஆண்டு கழித்து, எல்லாவற்றையும் வர்க்கமே தீர்மானிக்கிறது என்றவர் வந்தார். கடிதங்கள் வெளுத்து, தொழிலாளர் சங்கத்தின் தீர்மானங்கள் மேலே வந்தன. அவரும் நூல் எழுதினார், சிலைக்கு எதிரே சங்கத்துக்கு ஒரு நினைவுத் தூண் எழுந்தது. இருவருமே பொய் எழுதவில்லை. பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பு போட்டிருந்தார்கள்.

ஆவணக் காப்பாளருக்கு இரண்டு நூலும் மனப்பாடம். இரண்டிலும் அவளுடைய அம்மா இல்லை. அம்மா நூல் நூற்றவளும் அல்ல, சங்கத்தில் இருந்தவளும் அல்ல. ஆலையின் தொட்டில் அறையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவள், அந்தத் தீயில் போனவள். அப்போது மகளுக்கு மூன்று வயது. தானே பிரித்துப் பார்த்து வெறும் தாள் வந்துவிட்டால் என்ற பயத்தில், முப்பது ஆண்டாகக் கட்டின் நாடாவை அவிழ்க்காமலே தூசி தட்டி வைத்தாள்.

ஐம்பதாம் ஆண்டு நினைவு நூலுக்காக ஓர் ஆய்வாளர் வந்தாள். மாதக் கடைசியில் அச்சு. இதைத் தவறவிட்டால் இந்த ஊர் இன்னொரு நூல் போட இன்னும் ஐம்பது ஆண்டு ஆகும். தனக்கு எந்தக் கோட்பாடும் கிடையாது, திறந்த மனதோடு வந்திருப்பதாகச் சொல்லிக் கட்டைப் பிரித்தாள். முந்நூறு தாளும் வெள்ளை.

“வெறுங்கையோட வந்தா இப்படித்தாம்மா,” என்றாள் காப்பாளர். “எதையாவது கேட்டுக்கிட்டுப் பாருங்க.”

“என்னத்தக்கா கேக்கறது?”

காப்பாளர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “அன்னைக்குப் பிள்ளைங்கள யாரு பாத்துக்கிட்டாங்கன்னு கேளுங்க.”

மை ஊறி வந்தது. பால்காரரின் சீட்டு, மருத்துவரின் குறிப்பு, பிறகு காவலாளியின் வாக்குமூலம்: தொட்டில் அறைக்காரி சன்னல் வழியே முதலில் தன் மகளை நீட்டினாள், பிறகு மற்றவர்களின் பிள்ளைகள் பதினாறு பேரை, அவர்களில் பதினேழாவதை எடுக்க உள்ளே போனவள் திரும்பவில்லை.

ஆய்வாளர் தயங்கினாள். “முதல்ல தன் பிள்ளையன்னு இருக்கே அக்கா. எழுதலாமா?”

“எழுதுங்க. அடிக்குறிப்புல மட்டும் போட்டுடாதீங்க.”

“இப்ப முதலாளியையும் காணோம், சங்கத்தையும் காணோம்.”

“எங்க போயிடப் போறாங்க? கேக்க ஆளு வந்தா வருவாங்க.”

நூல் உரிய தேதியில் வெளிவந்தது. வருகைப் பதிவேட்டில் பெயர், தேதி, கையெழுத்துக்குப் பக்கத்தில் காப்பாளர் அளவுகோல் வைத்து இன்னொரு கோடு கிழித்து, ‘என்ன கேள்வியோடு வந்தீர்கள்’ என்று தலைப்பிட்டாள். ஆண்டுத் தணிக்கைக்கு வந்த அதிகாரி அதைப் படித்து, தன்னுடையதை நிரப்பிவிட்டு, எல்லாம் முறையாக இருப்பதாகக் கையெழுத்துப் போட்டார்.