நாலு மணிக்குள் காய வேண்டிய தரை

மேஸ்திரிக்கும் கடைக்காரம்மாவுக்கும் கல்யாணம் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. எந்த ஊரில் குடித்தனம் என்பதில்தான் இரண்டு பேரும் மல்லுக்கு நின்றார்கள்.

மேஸ்திரி காய்ந்த ஊர்க்காரர். இருபது வருஷமாகப் பெயிண்ட் அடிக்கிறார். கடைக்காரம்மா பெயிண்ட் விற்பது ஈர ஊரில். மூன்று வருஷமாக மேஸ்திரி போனில் டப்பா கேட்பார், கடைக்காரம்மா லாரியில் ஏற்றி அனுப்புவார். டப்பாப் பேச்சு ஒரு நிமிஷம். மீதி அரை மணி நேரமும் வெயில்.

தன் ஊரில் கொடியின் ஒரு முனையில் துணி போட்டு மறுமுனைக்குப் போவதற்குள் முதல் துணி மொடமொடவென்று ஆகிவிடும் என்று பீற்றிக்கொள்வார் மேஸ்திரி. தன் ஊர்த் துண்டு மறுநாள் குளியலுக்கும் நேற்றைய ஈரத்தோடுதான் காத்திருக்கும் என்பதைக் கடைக்காரம்மா ஒப்புக்கொள்வார். ஆனால் உதடு வெடித்து, மூக்கில் ரத்தம் வந்து, பிளாஸ்டிக் வாளியே விரிசல் விடுகிற இடத்தில் மனுஷர் இருப்பாரா என்று மடக்குவார். அங்கே நாற்பத்து மூன்று டிகிரி. இங்கே முப்பத்தைந்துதான், ஆனால் அந்த முப்பத்தைந்தும் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அனல் மோசமா, புழுக்கம் மோசமா என்று பேசிப் பேசியே, வேறொரு இனிப்பான வார்த்தை பேசாமலே, கல்யாணம் வரைக்கும் வந்துவிட்டார்கள்.

கடைசியில் பந்தயம் கட்டினார்கள். கடைக்கு மேலே ஒரு காலி அறை. காலை ஒன்பது மணிக்கு அதன் தரைக்கு மேஸ்திரி அடர்சிவப்புப் பெயிண்ட் அடிக்க வேண்டும். நாலு மணிக்கு வெறுங்காலோடு அதன்மேல் நடந்து வெளியே வர வேண்டும். உள்ளங்காலில் ஒரு பொட்டுகூட ஒட்டாவிட்டால் கடைக்காரம்மா கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் காய்ந்த ஊருக்குக் கிளம்புவார். ஒட்டினால் மேஸ்திரி இங்கேதான். சாட்சிக்கு மேஸ்திரி தன் அக்காவையே கூட்டி வந்திருந்தார். சொந்த ரத்தம், காலை வாராது என்ற நம்பிக்கை.

மேஸ்திரி ஊரில் ஒரு முறை உண்டு. வாசற்படியில் தொடங்கி எதிர்ச்சுவரை நோக்கி அடித்துக்கொண்டே போவார்கள். கடைசி மூலைக்குப் போய்ச் சேரும்போது வாசல் காயத் தொடங்கியிருக்கும். கொஞ்ச நேரம் உட்கார்ந்து மூச்சு விட்டுவிட்டு ராஜா மாதிரி நடந்து வந்துவிடலாம்.

"வாசல்லருந்தா ஆரம்பிக்கிறீங்க?" என்றார் கடைக்காரம்மா.

அது பாராட்டு என்றுதான் மேஸ்திரி எடுத்துக்கொண்டார்.

பதினொன்றரைக்கு எதிர் மூலையை எட்டி, நிற்க ஒன்றரை அடி மட்டும் விட்டு, காலி டப்பாவைக் கவிழ்த்து உட்கார்ந்தார். விரலால் தொட்டார். ஒட்டியது. ஒரு மணிக்குத் தொட்டார். ஒட்டியது. ஜன்னலில் கம்பி போட்டிருந்ததால் அந்த வழியும் இல்லை. சட்டையைக் கழற்றினார், பனியனைப் பிழிந்தார். இரண்டரைக்கு மறுபடியும் தொட்டார். அப்போதும் பெயிண்ட் விரலை விட மனசில்லாமல் இழுத்துப் பிடித்தது.

வாசலில் மேசை ஃபேனுக்கு முன்னால் அக்கா சொகுசாக உட்கார்ந்திருந்தாள். ஏதாவது ஆறுதல் சொல்வாள் என்று பார்த்தால், தன் குதிகாலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டேய், ரெண்டு நாள்ல என் உதட்டு வெடிப்பெல்லாம் போயிடுச்சுடா. குதிகால் பாரு, மெத்துனு இருக்கு."

சாட்சி கட்சி மாறக் கூடாது என்று மேஸ்திரி எச்சரித்தார். தான் மாறவில்லை, குதிகால்தான் மாறிவிட்டது என்றாள் அவள்.

மூன்றரைக்கு ஜன்னல் வெளிச்சம் சாய்ந்து தரையில் விழுந்தது. மேஸ்திரி குந்தி உட்கார்ந்து தரை மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோனார். பிரஷ் கோடு எங்கே?

அவர் ஊரில் பிரஷை எடுப்பதற்குள் பெயிண்ட் இறுகிவிடும். போன தடமெல்லாம் சீப்பால் வாரியது போல நிற்கும். கேட்டவர்களிடம் இருபது வருஷமாக 'அதுதான் டிசைன்' என்று சாதித்துவந்தார். இங்கே பெயிண்டுக்கு ஒரு அவசரமும் இல்லை. சாவகாசமாகப் படுத்து, புரண்டு, தன்னைத் தானே சமப்படுத்திக்கொண்டு, அசையாத குளம் போல் கிடந்தது. ஜன்னல் கம்பி ஒவ்வொன்றும் அதில் தெரிந்தது. கீழே ஒருவன் வாயைப் பிளந்துகொண்டு தன்னையே பார்ப்பதை மேஸ்திரி கவனித்தார். ஆள் பரிச்சயமானவன்தான்.

நாலு மணிக்குக் கடைக்காரம்மா மாடியேறி வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் ஜெயித்த களை இல்லை. வேண்டுமானால் ஆறு மணிவரை வைத்துக்கொள்ளலாம், தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார்.

"நடக்க மாட்டேன்" என்றார் மேஸ்திரி.

"அப்போ பந்தயம்?"

"தோத்துட்டேன்னு வெச்சுக்கோங்க. இதுமேல கால் வெச்சா என் கை அழுகிடும்."

கடைக்காரம்மா தரையைப் பார்த்தார். பிறகு மேஸ்திரியைப் பார்த்தார். மெதுவாக வாசற்படியில் உட்கார்ந்தார்.

"தரைக்காகவா தோத்தீங்க?"

மூன்று வருஷத்தில் முதல்முறையாக, வெயிலைத் தொடாமல் ஒரு பதில் சொல்ல வேண்டிய நெருக்கடி. மேஸ்திரி தொண்டையைச் செருமினார்.

"தரைக்காகவும்."

அக்கா நாகரிகமாக ஃபேன் பக்கம் திரும்பிக்கொண்டாள், காதை மட்டும் இந்தப் பக்கமே விட்டுவிட்டு.

"அப்போ நிஜமா இங்கதான் இருக்கப் போறீங்களா?"

"மூலையில மாட்டிக்கிட்டு நிக்கிறவன்கிட்ட கேக்குற கேள்வியா இது?"

கடைக்காரம்மா சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முயன்று முடியாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாரம் கட்டுகிறவருக்குப் போன் போட்டு, வாசலிலிருந்து மூலைவரை எட்டுகிற பலகையாகக் கொண்டுவரச் சொன்னார். அதற்கு ஒரு மணி நேரமாவது ஆகுமாம். அதுவரை ஆள் பட்டினியா? ரோலர் கம்பின் நுனியில் சாப்பாட்டு டப்பாவைக் கட்டி, இப்போதே நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியுமாக ஆகிவிட்ட அக்காவும் கடைக்காரம்மாவும் ஆளுக்கொரு கை பிடித்து, தரைக்கு மேலே ஆடாமல் நீட்டினார்கள். கொட்டினால் தொலைத்துவிடுவேன் என்று அக்கா தன்னையே மிரட்டிக்கொண்டாள்.

மேஸ்திரி குனிந்து டப்பாவை வாங்கினார். மூக்கு நுனியில் ஒரு வேர்வைத் துளி திரண்டு தொங்கியது. அது தரையில் விழுவதற்குள் அவசரமாக உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார்.