டிரைவர் சீட்டில் மிளகு மூட்டை

இருபத்தேழு வருஷம் ஒரு ஜீப் வைத்திருந்தேன். எந்த மெக்கானிக்கும் அதைத் தொட்டதில்லை. ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூளைக் கொட்டி அடைப்பேன். ஃபேன் பெல்ட் அறுந்தபோது கண்மணியின் சேலையைக் கிழித்துக் கட்டி, பெரும்பாறையிலிருந்து வத்தலக்குண்டு வரை இறங்கியிருக்கிறேன். அது பழைய சேலை என்று நானும், முகூர்த்தச் சேலை என்று என் மனைவி கண்மணியும் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

போன வருஷம் ஜீப்பைக் கொடுத்துவிட்டுப் புதுக் கார் எடுத்தோம். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக பானட்டைத் திறந்தேன். உள்ளே இன்னொரு மூடி இருந்தது. கருப்புப் பிளாஸ்டிக், திருகவோ நெம்பவோ ஓர் இடம் கிடையாது. இன்ஜினைப் பார்க்க முடியாதவன் என்ன வண்டிக்காரன்? கோபத்தில் பானட்டை ஓங்கிச் சாத்தினேன். பானட் சரியாக மூடவில்லை என்று திரையில் எழுத்து வந்தது. மூன்று தடவை சாத்தினேன், மூன்று தடவையும் வந்தது. கண்மணி வந்து ஒரு விரலால் அழுத்தினாள், போய்விட்டது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் டீசல் ஊற்றும் இடத்துக்குப் பக்கத்தில் நீல நிறத்தில் ஒரு சின்ன மூடி இருந்தது. புகை சுத்தமாகப் போவதற்காக அதில் ஒரு தண்ணீரை ஊற்ற வேண்டுமாம். ஷோரூம்காரரிடம் அது என்ன தண்ணீர் என்று கேட்டேன்.

"யூரியா கலந்த தண்ணி சார், வேற ஒண்ணுமில்ல" என்றார்.

யூரியா! காப்பித் தோட்டக்காரனிடம் வந்து யூரியா விற்கப் பார்க்கிறார்கள். என் கொட்டகையில் பதினோரு மூட்டை கிடக்கிறது. வாளியில் கரைத்து, வேட்டியை நாலாக மடித்து வடிகட்டி, நீல மூடிக்குள் நானே ஊற்றினேன். உர மூட்டையில் வரும் யூரியாவுக்கு வேப்பெண்ணெய் பூசியிருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். வேம்பு யாருக்கு என்ன கெடுதல் செய்யும்? எங்கள் மகள் ஸ்வேதாவுக்கு அம்மை போட்டபோது அவளை வேப்பிலையில்தான் படுக்க வைத்தோம்.

மறுநாள் திரையில் கார் புகார் எழுதியது. ஊற்றிய திரவம் சரியில்லை. இன்னும் அறுநூறு கிலோமீட்டருக்குப் பிறகு வண்டியை அணைத்தால் மறுபடி கிளம்பாது. பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் மறந்துவிடும் என்று நினைத்தேன். கழற்றி மாட்டினேன். மணி என்ன என்பதை மறந்தது, ரேடியோ நிலையங்களை மறந்தது. யூரியாவை மட்டும் மறக்கவில்லை.

"சர்வீசுக்கு விட்ருங்க" என்றாள் கண்மணி.

"நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

இதற்கிடையில் ஸ்வேதாவின் கல்யாணம் நெருங்கிவிட்டது. முதல் பத்திரிகையைப் பழனியில் முருகன் காலடியில் வைத்தோம். மலைக்குக் கீழே எல்லோருக்கும் கொடுத்து முடித்தோம். மிச்சமிருந்தது இரண்டு வீடுகள். பண்ணைக்காட்டில் கண்மணியின் பெரியப்பா மகன் சிவராமன். வட்டக்கானலில் வீட்டோடு விடுதி நடத்தும் என் அக்கா வேலம்மா.

அக்கா வீட்டைத்தான் கடைசிவரை தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். கொடைக்கானலில் படித்த ஆறு வருஷமும் ஸ்வேதா அவள் வீட்டில்தான் வளர்ந்தாள். நாலு வருஷத்துக்கு முன்பு நாங்கள் புது வீட்டுக்குப் பால் காய்ச்சியபோது, அக்கா வாசலில் ஜீப்பை உறுமவிட்டபடியே, ஜீப் ஜன்னல் வழியாக அழைப்புத் தட்டை நீட்டிவிட்டு வந்துவிட்டேன். எங்கள் பக்கம் புருஷனும் பெண்டாட்டியும் வீட்டுக்குள் போய், உட்கார்ந்து, ஒரு வாய் எதையாவது குடித்து, வெற்றிலை பாக்கோடு கையில் கொடுத்தால்தான் அது அழைப்பு. அக்கா பால் காய்ச்ச வரவில்லை. அன்றோடு பேச்சும் நின்றது.

"அத்தை வராட்டி நான் மணவறையில ஏற மாட்டேன்ப்பா" என்று ஸ்வேதா சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள் அவள். என்னைப் போல.

முகூர்த்தத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது வெள்ளனே கிளம்பினோம். பண்ணைக்காட்டுக் கடையில் இறக்க வேண்டிய ஒரு மிளகு மூட்டையும் பின்சீட்டில் இருந்தது. தாண்டிக்குடியைத் தாண்டியதும் கண்மணி திரையில் மிச்சக் கிலோமீட்டரைப் பார்த்தாள்.

"என்னங்க, முட்டை போட்ருச்சு."

ஷோரூமுக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள்.

"ஆஃப் பண்ணிடாதீங்க சார். பண்ணிட்டா நாங்க வந்து டேங்கைக் கழட்டிச் சுத்தம் பண்ணாத்தான் கிளம்பும். மலைக்கு வர அஞ்சு நாள் ஆகும்."

"ஆஃப் பண்ணலேன்னா?"

"ஓடும் சார். ஆனா டிரைவர் சீட்ல ஆள் இல்லேன்னா ரெண்டு நிமிஷத்துல அதுவே ஆஃப் ஆயிடும். உங்க பாதுகாப்புக்காக."

சிவராமன் வீட்டு வாசலில் வண்டி நின்றது, இன்ஜின் ஓடியது, நாங்கள் இரண்டு பேரும் உள்ளே போயாக வேண்டும். மிளகு மூட்டையை இழுத்து டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன். பீப் பீப் என்று கத்தியது. பெல்ட் மாட்டினேன். சாவி வண்டியில் இல்லை என்று கத்தியது. சாவியை மூட்டையின் கழுத்தில் கட்டினேன். கார் அமைதியானது. யூரியாவில் வேம்பைக் கண்டுபிடித்த வண்டிக்கு மனுஷனுக்கும் மிளகுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

சிவராமன் பத்திரிகையை வாங்கிக்கொண்டு காப்பி கொடுத்தார். ஜன்னல் வழியாகத் தெருவை எட்டிப் பார்த்தார்.

"என்ன மாப்ள, டிரைவர வெளியவே விட்டுட்டு வந்துட்டீங்க? பாவம்" என்று ஒரு தம்ளரை எடுத்துக்கொண்டு, நான் தடுப்பதற்குள் போய்விட்டார். நிறைந்த தம்ளரோடு திரும்பி வந்தார்.

"பெல்ட்டெல்லாம் போட்டிருக்கு" என்றார்.

"போடாட்டி கத்துது மச்சான்."

கல்யாணச் செலவில் எனக்கு மூளை கலங்கிவிட்டதோ என்று அவர் கண்மணியைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. மிளகை இறக்காமலே கிளம்பினோம். இனி அது சரக்கு இல்லை, ஆள்.

வட்டக்கானல் பாதையில் ஒரு வண்டி நின்றால் பின்னால் வருகிற வண்டியெல்லாம் நிற்கும். அக்கா தன் விடுதி வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள். சிவராமன் போன் செய்துவிட்டார் என்பது புரிந்தது.

"ஏலே கந்தவேலு, வண்டிய ஓட்டிட்டு வந்தது நீயா, மூட்டையா?"

நாலு வருஷத்துக்குப் பிறகு அக்காவின் குரல்.

"நான்தான்க்கா."

"அப்ப எறங்கி வா."

இறங்கினேன். பழக்கதோஷத்தில் பின்கதவைத் திறந்து மூட்டையை இழுத்தேன்.

"அத எதுக்கு இழுக்கே?"

சொன்னேன். யூரியாவில் ஆரம்பித்து முழுவதையும் ஒரே நிமிஷத்தில் சொன்னேன். அக்கா முகம் மாறவில்லை.

"அன்னைக்கு ஜீப்பு உறுமிக்கிட்டு நின்னுச்சு. இன்னைக்குக் காரு உறுமுது. எப்படா கெளம்புவோம்னு நிக்கிறவனுக்கு வீட்டுக்குள்ள என்ன சோலி? போ, மூட்டை காத்துக்கெடக்கு."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கண்மணி தட்டை மடியில் வைத்தபடி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவள் திட்டியே இருக்கலாம். பின்னால் ஒரு சுற்றுலா வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது. அணைத்தால் வண்டி அஞ்சு நாள் இங்கேயே கிடக்கும், பாதை அடைபடும், மீதிக் கல்யாண வேலைக்கெல்லாம் பஸ்ஸில்தான் அலைய வேண்டும். நானே பார்த்துக்கொள்வேன் என்று சொன்னவனைப் பார்த்து ஊரே சிரிப்பாய்ச் சிரிக்கும்.

சீட்டில் உட்கார்ந்தேன். பொத்தானை அழுத்தினேன்.

இன்ஜின் நின்றது. வேப்பெண்ணெய் வாசனை மட்டும் மிச்சம் இருந்தது.

கதவு திறந்தது. "ஏன் சத்தத்தக் காணோம்?" என்றாள் அக்கா.

"அணைச்சிட்டேன்."

"சும்மா சொல்லாத."

நேராக வந்தாள். என்னை இறக்கிவிட்டு டிரைவர் சீட்டில் அவளே ஏறி உட்கார்ந்தாள்.

"எதுல அமுக்கணும்?"

காட்டினேன். அழுத்தினாள். திரையில் வெளிச்சம் வந்தது, மன்னிப்பு மாதிரி என்னவோ எழுத்து வந்தது, இன்ஜின் அசையவில்லை. இன்னொரு தடவை அழுத்தினாள். மூன்றாவது தடவையும்.

"அன்னைக்கும் இதான்க்கா" என்றேன். "ஜீப்போட செல்ஃப் மோட்டார நானே பிரிச்சு மாட்டினேன். அதுல இருந்து நின்னா கெளம்பாது. தள்ளச் சொல்லி உங்கிட்டக் கேக்க வெக்கமா இருந்துச்சு. அதான் அணைக்காமலே போயிட்டேன்."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள்.

"இத நாலு வருஷமா வாய்க்குள்ளயே வச்சிருந்தியாக்கும்?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. துடைக்கவும் தோன்றவில்லை. பின்னால் ஏழெட்டு வண்டிகள் சேர்ந்துவிட்டன. எல்லா ஹாரனும் ஒன்றாக அடித்தது. வேன் டிரைவர் தலையை நீட்டி, வண்டியை எடுக்கச் சொல்லிக் கத்தினார்.

அக்கா கீழே இறங்கி அந்த வரிசையைப் பார்த்துக் கத்தினாள்.

"கொஞ்சம் பொறுங்கய்யா! எந்தம்பி வந்திருக்கான்!"

உள்ளே போய் உட்கார்ந்தோம். கண்மணி தட்டை நீட்டினாள். அக்கா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு அடுப்படிக்குப் போய்க் காப்பி கொண்டுவந்தாள். நாங்கள் மூன்று பேர். தம்ளர் நாலு இருந்தது.

"இது யாருக்குக்கா?"

"டிரைவருக்கு. அஞ்சு நாளு நம்ம வீட்லதான இருக்கப் போறாரு?" என்றாள்.