கிளேபாங் மணலில் பறித்த அவரை

1

கிளேபாங் கடற்கரை மணலில் ஊதாப் பூவோடு படர்ந்திருந்த ஒரு கொடிக்குப் பெயர் தேடப் போனேன். பெயர் கிடைத்தது. கூடவே, எழுதச் சொல்லி, கதைக்கு ஒரு ருக்மணியும் வந்து சேர்ந்தாள்.

'நாடு விடுதலை பெற்ற அந்த ஆண்டில், ஓர் இளம் மனைவி...'

[வேண்டாம். சரித்திரப் பாடம் மாதிரி இருக்கிறது.]

2

மெர்டேக்கா, அதாவது விடுதலை நாள் விடுமுறை. காஜா பேராங் பகுதியில் குடியிருந்த ருக்மணியைக் கணவன் பொன்னுதுரை கடற்கரைக்குக் கூட்டிப் போனான். கல்யாணமான பிறகு இருவரும் சேர்ந்து வெளியே போனது அதுதான் முதல் தடவை. மணலெல்லாம் கொடி, கொடியெல்லாம் காய்.

"ஏங்க, தம்பட்டங்காய்! எஸ்டேட்ல எங்கம்மா வேலியில ஏத்தி விட்டிருப்பாங்க."

"மணல்லயா அவரை காய்க்கும்?" என்று சிரித்தான்.

மடி நிறையப் பறித்தாள்.

(அடம்பங்கொடியும் அங்கேதான் படரும், பூ தூரத்துக்கு ஒன்றுபோலத் தெரியும். ஆனால் அடம்பின் இலை மாட்டுக் குளம்புபோல் பிளந்திருக்கும். இதற்கு அவரை மாதிரியே மூன்று மூன்று இலை. தம்பட்டங்காய் ஒரு சாணுக்கு மேல் நீளும். இது அரைச் சாண். பிஞ்சு என்று நினைத்துவிட்டாள்.)

3

மறுநாள் பொரியல். அவள் பரிமாற, அவன் சாப்பிட்டான். கை கழுவப் போனவன் வாந்தியெடுத்து, சுவரோடு சரிந்தான். ருக்மணியின் அலறல் கேட்டு, பக்கத்துக் குடியிருப்பான கம்போங் செட்டியிலிருந்து அந்தப் பக்கம் வந்த கண்ணம்மா உள்ளே ஓடி வந்தாள். பல தலைமுறையாக மலாய் பேசிவரும் செட்டிக் குடும்பம், அவளுக்குத் தமிழ் வராது. சட்டியைப் பார்த்ததும் மலாயில் கத்தினாள்:

"காச்சாங் லாவுட்! ஜாங்கான் மாக்கான்!"

கடல் அவரை. தின்னாதே.

['அவள் உலகமே இருண்டது' என்று எழுதி அடித்துவிட்டேன். இருளவில்லை, பட்டப்பகல். அகப்பையைக் கீழே வைக்கக்கூட மறந்து அவன் தலையை மடியில் ஏந்தினாள்.]

4

பிழைத்துக்கொண்டான். "முத்தின விதையில நஞ்சு இருக்கும். பாவம், தெரியாம சமைச்சிட்டாங்க" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். பொன்னுதுரை தலையாட்டினான்.

வீடு திரும்பிய மத்தியானம் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். கிண்ணத்தை அவன் அவள் பக்கம் நகர்த்தினான்.

"நீ முதல்ல குடி."

பரிவு என்று நினைத்தாள். "நீங்க குடிங்க. நான் பொறவு குடிக்கிறேன்."

"குடின்னேன்ல. நான் பாக்கணும்."

அவன் கண் கிண்ணத்தில் இல்லை, தன் வாயில் இருப்பதை அப்போதுதான் பார்த்தாள்.

5

குடித்தாள் என்று ஒரு முடிவு எழுதினேன். அப்புறம் வேளாவேளைக்கு, அவன் கண்முன்னால், குடித்துக்கொண்டே இருந்தாள். கிழித்துப் போட்டேன். கிண்ணத்தைக் கொட்டிவிட்டுத் தாய்வீட்டுக்கு பஸ் ஏறினாள் என்று இன்னொன்று. 'புருஷனுக்கு நஞ்சு வச்சவ' என்ற பேச்சு அவளுக்கு முன்னாலேயே அங்கே போய் இறங்கியிருந்தது. மூன்றாவதில் அவள் அவனை நிமிர்ந்து பார்த்து...

எனக்கு வரவில்லை. அவள் இன்னும் உட்கார்ந்திருக்கிறாள். கஞ்சியில் ஆவி பறக்கிறது. ஆறுவதற்குள் நீங்கள் சொல்லுங்கள்.