மூணாம் ஷெட்டுக்கு மருந்து

கோழிப்பண்ணையில் மூணாம் ஷெட்டைப் பார்த்துக்கொள்ளும் அமலராணி, காலை ஐந்து மணிக்கே அதன் தண்ணீர் வால்வை அடைத்துவிட்டாள். வெள்ளைக்கழிச்சல் நோய்க்குத் தடுப்பு மருந்து கொடுக்கிற நாளில் கோழிகளைத் தாகத்தில் வைத்தால்தான் மருந்துத் தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்கும். ஏழு மணிக்கெல்லாம் தகரக் கூரை சுட ஆரம்பித்தது. கூண்டுக்கு நாலாக, மூன்றடுக்கில் ஐயாயிரம் கோழிகளும் வாயைப் பிளந்துகொண்டு தண்ணீர் சொட்டாத நிப்பிள் குழாயைக் கொத்தின. மூன்று மாதமாக அள்ளாத எச்சத்தின் நெடி கண்ணைக் கரித்தது.

சூப்பர்வைசர் விக்னேஷ்குமார் ஆறு மருந்துக் குப்பி வைத்த ஐஸ் பெட்டியோடு வந்து, மருந்துத் தொட்டியில் தண்ணீர் பிடிக்கச் சொன்னான். பிடிக்கக் குனிந்தவளுக்கு எச்ச நெடியையும் மீறிப் பிளீச்சிங் வாடை சுரீரென்று ஏறியது. மேல்தொட்டியில் பாசி பிடித்திருக்கிறதென்று முந்தின நாள் சாயங்காலம் பவுடரை அள்ளிக் கொட்டியவனே அவன்தான்.

மருந்தில் இருப்பது உயிருள்ள கிருமி, பிளீச்சிங் பட்டால் செத்துப்போகும் என்று கால்நடை டாக்டர் சொன்னபோது அவனும் பக்கத்தில்தான் நின்றான். அதை அமலராணி சொன்னாள். இப்போதைக்கு வெறும் தண்ணீரைத் திறந்துவிடுவோம், ரீவைண்டிங்குக்குத் திண்டுக்கல் போயிருக்கிற போர்வெல் மோட்டார் நாளைக்கு வந்ததும் போர்த் தண்ணீரில் கலக்கலாம் என்றும் சொன்னாள். அவன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. லேசான வாடைதான், மருந்துக்கு ஒன்றும் ஆகாது, எட்டு மணிக்குள் முதலாளிக்கு மருந்து கொடுத்த போட்டோ போகணும் என்றான். ஆறு குப்பிகளையும் திறந்து ஊற்றிக் கலக்கி, வால்வையும் அவனே திறந்தான். ஷெட் முழுக்க டிக்டிக்கென்று குடிக்கிற சத்தம்.

தை மாசம் ரெண்டாம் ஷெட்டில் வெள்ளைக்கழிச்சல் வந்து, கழுத்து திருகிச் செத்த கோழிகளைப் பத்து நாள் கூடை கூடையாகக் குழிக்குச் சுமந்தவள் அமலராணி. அந்த ஷெட்டைப் பார்த்துக்கொண்டிருந்த சுந்தரம்மாள் காலிக் குப்பியோடு நிற்கிற போட்டோவை முதலாளி எடுத்து நீட்டினார். நீதானே மருந்து கொடுத்தாய், ஒழுங்காகக் கொடுத்திருந்தால் ஏன் சாகுது என்று கேட்டு அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பினார். சுந்தரம்மாள் இப்போது பூப்பறிக்கக் காடு காடாக அலைகிறாள்.

விக்னேஷ்குமார் காலிக் குப்பிகளை நீட்டி, தொட்டிப் பக்கத்தில் நிற்கச் சொன்னான். அமலராணி வாங்கவில்லை. அவன் செல்போனுக்குக் கையை நீட்டினாள்.

"இந்தவாட்டி நீங்க நில்லுங்க தம்பி. நான் எடுக்குறேன்."

போட்டோ என்றதும் பழக்கத்தில் தலைமுடியைக் கோதப்போன அவன் கை பாதியில் நின்றது.

"நான் எதுக்குக்கா?"

"மருந்துக்கு ஒண்ணும் ஆகாதுன்னீங்கள்ல."

அவன் குப்பிகளைத் தரையில் வரிசையாக வைத்து, அவற்றை மட்டும் படம் பிடித்து அனுப்பினான். முதலாளியிடமிருந்து பதிலுக்குக் கட்டைவிரல் படம் வந்தது. பின்னாலேயே, நாளைக்கு ஜேசிபி வரும், செத்த கோழி போட்ட குழியை மூடச் சொல் என்று ஒரு செய்தி. அதை அவன் சத்தமாகப் படித்தான்.

அமலராணி தீவனச் சட்டியை இடுப்பில் தூக்கி வைத்தாள்.

"குழிய மூடவேணாம்னு சொல்லிருங்க தம்பி. திரும்பத் தோண்டுறதுக்கு ஜேசிபிக்காரன் பின்னாடி யாரு அலையிறது."