கண்ணாடிக்கு வெளியே நின்றவன்

முப்பத்தெட்டாவது வயதில், ஒரு திங்கட்கிழமை காலையிலிருந்து, கதவு மெக்கானிக்குக்குத் தானியங்கிக் கதவுகள் திறப்பதை நிறுத்திக்கொண்டன. கடைகளிலும் வங்கிகளிலும் ஆள் வந்தால் தானாக விலகும் கண்ணாடிக் கதவுகளைப் பழுது பார்ப்பதுதான் அவன் பிழைப்பு. வேலை முடிந்ததும் கொஞ்சம் தள்ளிப் போய், வாடிக்கையாளர் மாதிரி நடந்து வந்து சோதிப்பான். அன்று கதவு அசையவில்லை. சென்சார் போய்விட்டது என்று மாற்றினான். மறுபடி நடந்தான், மறுபடி மாற்றினான். இப்படியே ஊரிலிருந்த நல்ல சென்சார்களையெல்லாம் கழற்றிப் போட்ட பிறகு, ஒரு வங்கி வாசலில் பூனை ஒன்று அவனைத் தாண்டிப் போனது. கதவு மரியாதையாக விலகி அதற்கு வழிவிட்டது. பழுது கதவில் இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

அதற்கு முன்பே உடம்பு சொல்லிக்கொண்டுதான் இருந்தது. சாப்பிட உட்கார்ந்தால் தூக்கம் வந்தது. ஏணியைத் தூக்கினால் மூச்சு வாங்கியது. கட்டிலில் மனைவியின் கை மேலே பட்டால், மன்னிப்புக் கேட்கிற மாதிரி திரும்பிப் படுத்துக்கொண்டான். அவள் சீருடை தைக்கும் கடையில் துணி வெட்டுகிறவள். சும்மா சொல்லக்கூடாது, முகம் சுளிக்கவில்லை. எந்தக் கடைக்குப் போனாலும் முன்னால் நடந்து கதவைத் திறக்கவைத்தாள். மூடுவதற்குள் அவன் ஒட்டிக்கொண்டே பின்னால் நுழைந்தான். கல்யாணமான வருஷமே, பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று ஒரு சின்ன அறைக்கு மஞ்சள் வண்ணம் அடித்து, மரக்கதவு போட்டு வைத்திருந்தான். அந்த அறை காலியாகவே கிடந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதைப் பெருக்கியது அவன்தான்.

ரத்தப் பரிசோதனை முடிவு வாங்கப் போன நாளில் அவன் ஒரு அடி பிந்திவிட்டான். ஆஸ்பத்திரிக் கதவு அவன் மூக்குக்கு முன்னால் மூடிக்கொண்டது. உள்ளே டாக்டர் இரண்டு விரல்களைக் காட்டி வெகுநேரம் எதையோ விளக்குவதும் அவள் தலையாட்டுவதும் கண்ணாடி வழியாகத் தெரிந்தன. ஒருமுறை அவள் திரும்பி அவனைப் பார்த்தாள்.

“ஹார்மோன் ரொம்பக் கம்மியாம். ஊசி போட்டா சரியாயிடுமாம்,” என்றாள் வெளியே வந்து.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதாங்க.”

முதல் ஊசிக்கே கதவுகள் யோசித்துத் திறந்தன. மூன்றாவது ஊசிக்குப் பிறகு, அவன் எதிர்ப்பக்கம் நடந்தாலே தெருவிலிருந்த கடைகளெல்லாம் வாயைப் பிளந்தன. அடுத்த வீட்டு அலமாரிகள் திறந்துகொண்டன. நகைக்கடைக்காரர் அவனைக் கண்டால் ஷட்டரைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். ஊர் அவனுக்குச் ‘சாவி’ என்று பெயர் வைத்தது. மனைவிக்கு வாயெல்லாம் பல். கடைக்குத் தாமதமாகப் போய் முதலாளியம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டு, அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, விளக்குமாறும் கையுமாகப் போனவனுக்கு மஞ்சள் அறை திறக்கவில்லை. அதில் பூட்டே கிடையாது. கீல்களைக் கழற்றினான், சட்டத்தை அறுத்தான். கதவு நின்ற இடத்திலேயே நின்றது. இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. வயிறும் திறக்கவில்லை, அறையும் திறக்கவில்லை. கடைசியில் அவன் தனியாகவே டாக்டரிடம் போனான். ஆஸ்பத்திரிக் கதவு ஓடிவந்து திறந்தது.

“குழந்தையா?” டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “வெளியிலேருந்து ஹார்மோன் வந்தா, உள்ள விந்தணு உற்பத்தி படுத்துடும். குழந்தை வேணும்னா வேற மருந்து இருக்கு, பலன் தெரிய நாளாகும்னு உங்க வீட்டம்மாகிட்ட அன்னிக்கே சொன்னேனே. வெளியில உங்களைக் கேட்டுட்டு, ஊசியே போதும்னு நீங்க சொன்னதா ஃபோன்ல சொன்னாங்க.”

“நிறுத்தினா?”

“பல பேருக்குத் திரும்பும். மாசக்கணக்காகும். சிலருக்குத் திரும்பாமலும் போகலாம்.”

வீட்டில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் கேட்டதும் மறுக்கவில்லை, அழவும் இல்லை.

“கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீங்க நின்னதைப் பார்த்தேன். புகை மாதிரி இருந்தீங்க. எனக்கு முதல்ல நீங்க வேணும்னு இருந்துச்சு.”

“என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டா பிள்ளைதான் வேணும்னு சொல்லியிருப்பீங்க.”

அது உண்மைதான். அதனால்தான் அவனுக்கு நெஞ்சு அப்படி எரிந்தது. உலகத்துக் கதவையெல்லாம் திறந்துவிட்டு, அவனுடைய ஒரே கதவை அவனுக்குத் தெரியாமலே அடைத்திருக்கிறாள். அதுவும் அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

மறுநாளே ஊசியை நிறுத்தினான். அலமாரிகள் முதலில் அடங்கின, பிறகு கடைகள், பிறகு வங்கி. மஞ்சள் அறை மட்டும் திறக்கவில்லை. வருஷங்கள் போகப் போக அந்தக் கதவில் ஆணியடித்துக் காலண்டர் மாட்டினார்கள். இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள், ஒன்றாகத்தான் கடைக்குப் போகிறார்கள். அவள் பழையபடி முன்னால் போய், கதவு மூடிவிடாமல் நிலையில் நின்று திரும்பிப் பார்க்கிறாள். அவன் வெளியிலேயே நிற்கிறான். முன்பின் தெரியாத யாராவது ஒருவர் பக்கத்திலிருக்கும் இன்னொரு கதவைத் திறக்கவைத்ததும், அவர் முதுகை ஒட்டி உள்ளே போகிறான். கடைக்காரர்களுக்கு இது பழகிவிட்டது.