அம்மா வந்திருக்கு சார்

என் அக்கா புவனேஸ்வரிக்கு நிறைமாதம். அவளுக்கு இதுவரை அம்மை போட்டதில்லை. பங்குனி வெயிலில் மீன்சுருட்டிப் பக்கம் அம்மை சுற்றிக்கொண்டிருந்தது. "பிரசவ நேரத்துல உங்களுக்குத் தொத்துனா கொழந்தைக்கு ஆபத்து" என்று டாக்டரம்மா இரண்டு முறை சொன்னார். மாமா பாலசுந்தரம் இரண்டு முறையும் தலையாட்டினார். மாமா தமிழாசிரியர். தமிழில் யார் எதைச் சொன்னாலும் அவருக்குப் புரியும் என்பது ஊரின் நம்பிக்கை.

செமஸ்டருக்குப் படிப்பதாகச் சொல்லி நான் அவர்கள் வீட்டில் தின்றுகொண்டிருந்தேன். மாலையில் முன்னறையில் ஏழு பிள்ளைகளுக்கு மாமா டியூஷன் எடுப்பார். அன்று வீரமணி தாமதமாக வந்து சுவரோரம் உட்கார்ந்தான். அவன் அம்மாவுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. இரண்டு வாரத்துக்கு முன் அவன், "அம்மா வந்திருக்கு சார்" என்றதும் மாமா உருகிப்போய் நாலு நாள் லீவு கொடுத்திருந்தார்.

"என்னடா, அம்மா கெளம்பிட்டாங்களா?"

"பாப்பாவுக்கு மூணு தண்ணி ஊத்துனோம். போயிருச்சு சார்."

"ஒனக்கு என்ன கொண்டாந்தாங்க?"

வீரமணி யோசித்தான். "முத்து சார்."

"முத்துமாலையா? பரவால்லியே!"

"மாலை இல்ல சார். பாப்பாவ வுட்டுட்டு இப்ப எங்கிட்ட வந்திருக்கு."

சட்டைக் காலரை விலக்கினான். கழுத்தில் நீர்கோத்த மூன்று கொப்புளங்கள்.

மாமாவின் கையிலிருந்த சாக்பீஸ் விழுந்தது. அடுப்படிப் பக்கம் அக்காவின் குரல் நெருங்கியது: "பசங்களா, சுண்டல்!"

பாய்ந்து போய் அடுப்படிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

"டேய், என்னடா வெளாட்டு? தட்டு சுடுது!"

"வராதக்கா. வீரமணிக்கு அம்மை."

உள்ளே தட்டு கீழே வைக்கப்பட்டது.

மாமாவுக்கும் எனக்கும் சிறு வயதிலேயே போட்டுவிட்டதால் பயமில்லை. பயமில்லாத மாமாவுக்கு வேர்வை கொட்டியது. "ஏன்டா வூட்ல சொல்லல?"

"சொன்னா வேப்பெலையில படுக்கப் போட்டுடுவாங்க. திங்கக்கெழம பரிச்சை சார்."

"பரிச்சை கெடக்குது. போ..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். வந்திருக்கும் ஆத்தாளைப் போ என்று விரட்டலாமா? அவசரமாகக் கைகூப்பி, "போயிட்டு வா தாயே" என்றார்.

கதவுக்குப் பின்னாலிருந்து அக்கா கத்தினாள்: "அய்யோ, திரும்ப வரச் சொல்றீங்களே!"

மாமா மற்ற பிள்ளைகளைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "இன்னும் யார் வூட்லடா இருக்கு? அம்மாவச் சொல்லல. அம்மை."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரு கை உயர்ந்தது. அப்புறம் இன்னொன்று.

"எத்தனை பேரு?" என்றாள் அக்கா.

மேலும் இரண்டு கைகள் உயர்ந்தன.

"நாலு கை" என்றேன்.

"வீரமணியோட சேத்தா?"

"சேக்காம."

அழுகையை அடக்கிக்கொண்டு அக்கா சொன்னாள்: "கொல்லப்பக்கமா நான் ரோட்டுக்குப் போறேன். பையை எடுத்துட்டு நீ சுத்தி வா. கீழப்பழுவூர் நம்ம வூட்டுக்குப் போயிடுவோம். புள்ள பொறந்தப்புறம் அவரு வரட்டும்."

நான் இரண்டு முறை சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுப் பையைத் தூக்கினேன். பஸ் வந்தபோது மாமா ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார். அக்கா வயிற்றைப் பிடித்தபடி ஏறினாள். அவர் ஒரு அடிகூட முன்னால் வைக்கவில்லை.